பதிவு போட்ட பிறகு



வேலை கேட்டுப் போன ஓர் இளம்பெண்ணை நேர்காணலுக்கு மும்பை ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஆண்டு 1993. அந்தப் பெண்ணான பிரியா ரமணி, 2017-இல் பெயர் சொல்லாமல் அந்த அனுபவத்தை எழுதினார். 2018 அக்டோபரில் ட்விட்டரில் பெயரையும் சொன்னார்: எம்.ஜே. அக்பர். அக்பர் அப்போது வெளியுறவுத் துறை இணையமைச்சர். அவர் மறுத்தார். ஆனால் வேறு பல பெண்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதே மாதம் 17-ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

சமூக ஊடகத்தின் வலிமை இது. அதைக் குறைத்துப் பேசுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

புகார் கொடுக்காமல் ஏன் ட்விட்டருக்குப் போனார் என்று அப்போது பலர் கேட்டார்கள். 1993-இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிப் புகார் வாங்கத் தனி அமைப்பு எதுவும் இல்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997-இல் அத்தகைய தொல்லையைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அதற்கான சட்டம் வர 2013 ஆனது. அதிலும் புகார் கொடுக்க மூன்று மாதம்தான் கெடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தவர் எங்கே போவார்?

ரமணி மீது அக்பர் தொடுத்த குற்றவியல் அவதூறு வழக்கு பாய்ந்தது. பதிவைப் பகிர்ந்தவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் நீதிமன்றத்துக்கு அலைந்தார். பத்திரிகையாளர் கஸாலா வஹாப் போன்றவர்கள் நேரில் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். 2021 பிப்ரவரி 17-இல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழிந்தாலும் தனக்கு விருப்பமான எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அக்பர் மேல்முறையீடு செய்தார்.

ரமணிக்கு ஆங்கிலமும் பத்திரிகைத் தொழிலில் பெயரும் இருந்தன. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்ணுக்கு? கேரளத்தில் தொழிற்சங்கவாதி விஜி போன்றவர்கள் கடை ஊழியர்களைத் திரட்டிப் போராடியதால் 2018-இல் அங்கே உட்காரும் உரிமை வந்தது. 2021-இல் தமிழ்நாட்டிலும் வந்தது. அதே 2021-இல் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் நின்றது, வெளிநாடுகளிலும் குரல் எழுந்தது. 2022-இல் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் போன்ற ஆடை நிறுவனங்களும் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. தொல்லைகளைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளர்களிடமிருந்தே ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். தொலைதூரக் குரலுக்குப் பலம் கொடுத்தது ஆலைக்குள் இருந்த சங்கம்.

பட்டம் பெறும் நீங்களும் விரைவில் வேலையில் சேர்வீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவை அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அது எங்கே என்று முதல் வாரமே கேளுங்கள், ஆண்களும் கேளுங்கள். சிறிய கடையென்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத வராத தோழிக்கு நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.