வாத்தியார் தோளில் ஒரு பொட்டு

அல்லிநகரம்னு சொன்னதுமே, "பாரதிராஜா ஊர்தானே?"ன்னு கேட்பாங்க. ஆமா, அதேதான். நான் கம்பு சுத்தக் கத்துக்கிட்டதும் இங்கதான்.

சிலம்பம்னா நிறைய பேருக்கு எம்.ஜி.ஆர். படச் சண்டைதான் ஞாபகம் வரும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் இதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. அதனால இப்போ வகுப்புல பசங்க கூட்டம் நல்லாவே இருக்கு.

நான் சேரும்போது எனக்கு 26 வயசு. கூட நின்னதெல்லாம் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைங்க. "கல்யாணம் பண்ற வயசுல கம்பு எதுக்கு?"ன்னு வீட்டுல ஒரே பேச்சு. முதல் எட்டு மாசம் வாத்தியார் சண்டைக்கே விடலை. வெறும் காலடிதான். முன்னால வை, பின்னால வாங்கு, திரும்பு. நெற்றி உயரத்துக்குக் கம்பு வாங்கி வச்சிருந்தேன். அது பாட்டுக்கு மூலையில கிடந்தது. விட்டுடலாம்னு ரெண்டு தடவை முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம்தான் தொடுமுறை. எதிராளி உடம்பைக் கம்பு நுனியால் தொட்டால் புள்ளி. எங்க வகுப்புல நுனியில துணியைச் சுத்தி சுண்ணாம்புல நனைச்சுக்குவோம். பட்ட இடத்துல வெள்ளையா பொட்டு விழும், யாரும் ஏமாத்த முடியாது. வாத்தியாருக்கு அறுபது தாண்டிருச்சு. ஆனா அவர் சட்டையில பொட்டு விழுந்து நாங்க யாரும் பார்த்ததில்லை. முழங்காலுக்கு வீசுற மாதிரி காட்டுவார். நாம குனிஞ்சு தடுக்கப் போனா, கம்பு உச்சந்தலைக்கு வந்து நிக்கும்.

"கம்பைப் பாக்காத தாயி, காலைப் பாரு"ன்னு தினமும் சொல்வார். ஒருநாள் நிஜமாவே பார்த்தேன். பொய் வீச்சுக்கு அவர் இடது குதிகால் தரையைத் தொடாது. நிஜ வீச்சுன்னா குதிகால் ஊன்றும். அவ்வளவுதான் ரகசியம். அடுத்த முறை முழங்காலுக்குக் கம்பு வந்தது. குதிகால் தூக்கியே இருந்தது. நான் குனியலை. உள்ளே ஒரு எட்டு வச்சு நீட்டினேன். அவர் வலது தோள்ல வெள்ளைப் பொட்டு!

மைதானமே கப்சிப். எனக்குக் கை நடுங்குது, கோபிச்சுக்குவாரோன்னு. அவர் தோளைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. "அடுத்த ஜோடி வாங்கப்பா"ன்னார். எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் டீக்கடைக்குப் போனோம். எப்பவும் சட்டையை உதறிட்டுத்தான் கிளம்புவார், அன்னைக்கு உதறலை. கடைக்காரர் கேட்டார், "என்னண்ணே, தோள்ல சுண்ணாம்பு?"

"சுண்ணாம்பு இல்லப்பா. நம்ம புள்ள வச்ச பொட்டு."

ரெண்டு வடை கூடுதலா சொன்னார். ராத்திரி வீட்டுக்குப் போற வரைக்கும் அந்தச் சட்டையோடதான் கடைவீதி முழுக்கச் சுத்தினாராம். மறுநாள் காய்கறிக்கடை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வகுப்புல என் சட்டையில எட்டுப் பொட்டு. எல்லாமே அவர் வச்சதுதான்.