பதிவேடுகளும் நாமும்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நாம் இன்று படிவங்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பிறப்புச் சான்று தொடங்கி அரசு நம்மிடம் கேட்டுப் பெறும் விவரங்கள் யார் கையில் தங்குகின்றன என்பதைப் படித்த பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

விவரம் திரட்டுவதே தீமை என்று நாம் சொல்ல மாட்டோம். அன்று காஞ்சிபுரமும் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891-இல் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். குடியிருந்த மனைகூட நமக்குச் சொந்தமில்லை என்பது அரசேட்டில் ஏறியது. 1892-ஆம் ஆண்டு ஆணையும் பஞ்சமி நிலமும் அதன் பயனாகவே வந்தன. தனித்தொகுதிகளும் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே வகுக்கப்படுகின்றன.

ஆயினும் பதிவேடு என்பது பிரித்தெடுக்கும் கருவி. பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியின் மேலுள்ள ஜக்கார்டு அட்டையில் துளையிருந்தால் இழை எழும். இல்லையேல் கீழே கிடக்கும். அத்தகைய துளையட்டைகளைக் கொண்டே 1890-இல் ஹொலரித் என்பவர் அமெரிக்க நாட்டின் மக்கள்தொகைக் கணக்கை எந்திரத்தில் கூட்டினார். எந்த இழையை எழுப்புவது என்பது அட்டை அடிப்பவன் விருப்பம்.

1911-இல் திருத்தப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்திற்கும் வந்தது. குற்றமே செய்யாதவரும் பிறப்பினால் பதிவேட்டில் ஏறினர், கைரேகை எடுக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்து எதிர்த்த மக்கள் சுடப்பட்டனர். 1983 ஜூலையில் கொழும்பில் கலகக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர். வாக்குரிமைக்கென எழுதிய பட்டியல் அது!

இன்று பத்து விரல்களும் இரு கண்களும் முகமும் ஆதாரில் உள்ளன. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் ஆதார் சட்டம் பெரும்பகுதி நிலைத்தது; ஆனால் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. மகனைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இச்செய்தி போய்ச் சேர்ந்தது?

இனி நாம் கவலையோடு சொல்ல விரும்பும் செய்தி. நம் விவரங்களைக் காப்பதற்கென்று 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அரசு தன் துறைகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்துக்கொள்ள அதிலேயே வழியுண்டு. அதுமட்டுமன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவையும் அது திருத்தியது, அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரி இனி எளிதில் மறுக்கலாம்.

இதனால் நமக்கென்ன என்று எண்ண வேண்டா. பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்று கேட்டால், அதுவும் ஒருவருடைய தனிநபர் விவரம் என்று சொல்லப்படலாம். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கற்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் குண்டுக்குப் பலியாயினர். அந்த நிலக் கணக்கைக் கேட்பவனுக்கு ஏடு மூடப்பட, அவனுடைய விரல்ரேகையோ அரசிடம் திறந்து கிடக்கிறது. இதனை அந்தரங்கப் பாதுகாப்பு என்று நாம் ஏற்பதற்கில்லை.

வழி முற்றும் அடைபடவில்லை. பொதுநலன் மிகுந்திருப்பின் விவரத்தை வெளியிடலாம் என்னும் 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்றும் இருக்கிறது. நம் இளைஞர்கள் மனு எழுதும்போது அதனைக் குறிப்பிட்டு எழுதுக. மறுத்தால் மேல்முறையீடு செய்க.

நியாயவிலைக் கடையில் களையெடுத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் திரும்பும் மூதாட்டிகளும் இருக்கின்றனர். ரேகை பொருந்தாத காரணத்தால் உணவுப்பொருளை மறுக்கலாகாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல, தெருவுக்கு ஒருவராகப் படித்த பிள்ளைகள் முன்வந்து, இக்கூட்டம் முடிந்ததும் நம் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெயர் மட்டும் போதும். ஆதார் எண் வேண்டா.