மாலைச் சமையலில் காலச் சிக்கனம்

(எமரால்டில் விவசாயிகளும், ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும், மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ, விதைக் கிழங்கைப் பற்றியோ, சாலையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பங்கரை. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நகைக்கக் கூடும். சம்பந்தம் உண்டு. அதனை ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகவே விளக்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் விரிவாக்க அலுவலராக இருந்த காலத்தில், மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூரில் குடிநீர்க் குழாயை எங்கே அமைப்பது என்று முடிவு செய்யக் கூட்டம் கூட்டினோம். நேரம் மாலை 5 மணி. ஊராட்சி உறுப்பினராக இருந்த ஓர் அம்மையார் கொழுந்து பறித்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து, "ஐயா, வீட்டில் அவரை இன்னும் அடுப்பேறவில்லை, பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். குழாய் பற்றிய பேச்சு அதன் பிறகே எழுந்தது. எஞ்சியிருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். சாலை ஓரத்தில், டீக்கடைக்கு எதிரே குழாய் அமைப்பது என்று தீர்மானமாயிற்று. நானும் கையெழுத்திட்டேன். அதன் பிறகு அவ்வூர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் சுமந்துகொண்டு செங்குத்தான படிகளில் ஏறி இறங்கினார்கள். அக்குழாயை வீடுகளுக்கு அருகே மாற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த அம்மையார் இன்னும் அரைமணி நேரம் இருந்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது. தவறு அவருடையதன்று, சமையல் வேளையில் கூட்டம் வைத்த என்னுடையது. ஆயினும், அவரை வேகும் நேரம் ஓர் ஊரின் தண்ணீரையே தீர்மானித்துவிட்டது என்பதை அன்று உணர்ந்தேன். ஆகவேதான் அடுப்பங்கரையும் ஊர் வளர்ச்சியின் பாற்பட்டதே என்கிறேன்.

மலையில் ஏன் தாமதம்?

சமவெளியில் உள்ள உறவினர் வீட்டில் அரைமணியில் வெந்துவிடும் பருப்பு நம் வீட்டில் ஒரு மணி நேரமானாலும் நறுக்கென்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பருப்பு மட்டமானது என்று கடைக்காரரைக் கடிந்துகொள்கிறோம். பெரும்பாலும் குற்றம் பருப்பிலும் இல்லை, சமைப்பவரிடத்திலும் இல்லை. நாம் வாழும் உயரமே காரணம்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது; கொதிநிலையும் தாழ்கிறது. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் அதைவிடச் சூடாகாது. ஆவியாகி வற்றுமே அன்றி, பருப்பு விரைவில் வேகாது. இதனை அறிந்தால் பாதி விறகு மிச்சம்.

இக்குறையை நீக்குவதே பிரஷர் குக்கரின் வேலை. ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளேயுள்ள தண்ணீரின் சூடு நம் மலையிலும் 117 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. 1679-ஆம் ஆண்டில் தெனிஸ் பப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்தகைய பாத்திரத்தை முதன்முதலில் செய்து காட்டினார். நம் நாட்டில் 1950-களின் இறுதியில் தொடங்கி இது வீடுதோறும் பரவிற்று. சமவெளியில் இது வசதி. மலையிலோ இது அவசியம்.

காலையில் ஊறினால் மாலையில் வேகும்

மாலைச் சமையலை மாலையில் தொடங்குவதே நாம் செய்யும் முதல் பிழை. அவரை, மொச்சை, ராஜ்மா, கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகள் 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். காலையில் தோட்டத்துக்குப் புறப்படும்போது தண்ணீரில் போட்டு மூடி வைத்தால், திரும்பும்போது அவை பதமாக இருக்கும். குளிர் மிகுந்த மார்கழி, தை மாதங்களில் முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றுவது நலம். இதற்குத் தேவைப்படும் உழைப்பு இரண்டு நிமிடம்; மிச்சமாவதோ அரைமணிக்கு மேல்.

ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் நன்றாகக் கொதிக்க விட்டே சமைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

காய் நறுக்கும் வேலையையும் முந்தின இரவே முடித்துக்கொள்ளலாம். நம் ஊரில் விளையும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் உலர்த்தி, நறுக்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மறுநாள் மாலைவரை கெடாது. உருளைக்கிழங்கை மட்டும் முன்கூட்டி நறுக்க வேண்டா, கறுத்துவிடும். இஞ்சி, பூண்டு விழுதை உப்பும் எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டால் சில நாட்களுக்கு அரைக்கும் வேலை இல்லை. 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் மின்சார மாவரைக்கும் இயந்திரம் உருவானது. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மிக்சியும் கிரைண்டரும் விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. ஆட்டுக்கல்லோடு மல்லாடிய தாய்மார்களுக்கு இவற்றின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரே அடுப்பில் மூன்று பண்டம்

1910-ஆம் ஆண்டில் வங்காளத்து அறிஞர் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தைச் செய்தார். ஒரே நெருப்பின் ஆவியில் சோறு, பருப்பு, காய்கறி ஆகியவை தனித்தனித் தட்டுகளில் வெந்தன. அவர் காட்டிய வழியை இன்று எந்தக் குக்கரிலும் பின்பற்றலாம். அடியில் தண்ணீரை ஊற்றி, கீழ்த்தட்டில் ஊறிய பருப்பையும், நடுத்தட்டில் அரிசியையும், மேல்தட்டில் முழு உருளைக்கிழங்கையோ பெருந்துண்டுகளாக்கிய பீட்ரூட்டையோ வைக்க வேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கினால் காய் குழைந்துவிடும். மூன்று பண்டங்களும் ஒன்றாக இறங்கும். தாளித்துக் கொட்டுவதும், ஒரு பொரியலும் மட்டுமே மீதி வேலை.

குக்கரில் நாம் பொதுவாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. விசில் அடிக்க அடிக்க விரைவில் வேகும் என எண்ணித் தீயைப் பெரிதாகவே விட்டுவிடுகிறோம். அது தவறு. ஆவி முழு அழுத்தத்தை அடைந்ததும் உள்ளேயுள்ள சூடு அதற்கு மேல் ஏறாது. அதிகத் தீயெல்லாம் விசிலாக வெளியே போகிறது. முதல் விசில் வந்தவுடன் தீயைக் குறைத்துவிட்டு, நிமிடத்தைக் கணக்கிடுவதே சரி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குக்கரை நிரப்பக் கூடாது. பருப்பானால் பாதி அளவே போதும். ஆவி செல்லும் துளையில் அடைப்பு உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். அழுத்தம் அடங்குமுன் மூடியை வலிந்து திறக்கவே கூடாது. பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் முகத்தைச் சுட்டுக்கொள்வது சிக்கனமாகாது.

மூடி வைத்தாலும் வேகும்

குக்கர் ஒன்றே உள்ள வீட்டில் சோற்றுக்கு மற்றொரு வழி உண்டு. ஊறிய அரிசியை அளவான நீரில் ஐந்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, இறுக மூடி, பழைய கம்பளியாலோ உலர்ந்த புல்லாலோ நெருக்கமாக நிரப்பிய பெட்டியில் வைத்துவிட வேண்டும். தன் சூட்டிலேயே ஒரு மணி நேரத்தில் சோறு பதமாகும். கடிகாரப்படி இது விரைவான முறையன்று. ஆனால் அடுப்பு மற்றொரு பண்டத்துக்கு ஒழிகிறது. அருகே நின்று கிளற வேண்டுவதில்லை. பிள்ளையின் பாடத்தைக் கேட்கலாம், மாட்டுக்குத் தீனி வைக்கலாம். ஆயினும் காலையில் பெட்டியில் வைத்ததை மாலையில் உண்ணலாம் என எண்ண வேண்டா. நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் உணவு நஞ்சாகும்.

விறகும் புகையும்

எரிவாயு வந்துவிட்டதே, விறகைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும் எனக் கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளில் எரிவாயு இணைப்பு வந்தது உண்மையே. எனினும் வெந்நீருக்கும் குளிர் காய்வதற்கும் இம்மலையில் விறகடுப்பு இன்னும் எரிகிறது. மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் சிலிண்டரும் வாராது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் அண்டையிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை எவர் மறப்பர்?

ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி அவ்விறகிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிறது. சமையல் தாமதமாவதோடு, புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. ஆகவே கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளையும், பிற விறகையும் கோடையிலேயே சேகரித்து, மெல்லியதாகப் பிளந்து, கூரையின்கீழ் அடுக்கிவிட வேண்டும். மாலை மங்கிய பின் காட்டெருமையும் கரடியும் நடமாடும் வழியில் ஒரு பெண் விறகு தேடிச் செல்வது காலவிரயம் மட்டுமன்று, உயிருக்கும் ஆபத்து.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, ஏழை மக்களுக்கான புகையில்லா அடுப்பைப் பற்றி 1953-இல் ஒரு நூலே எழுதினார். 1980-களில் நாடெங்கும் இத்தகைய அடுப்புகளைப் பரப்ப அரசு திட்டம் தீட்டிற்று. அமைத்த அடுப்புகள் பல நீடிக்கவில்லை. புகைபோக்கியைத் துடைக்காவிட்டால் கரி அடைத்துப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். மக்கள் அதை இடித்துவிட்டுப் பழைய அடுப்புக்கே போய்விடுவார்கள். அடுப்பைக் கொடுப்பது எளிது. மாதம் ஒரு முறை புகைபோக்கியைத் துடைக்கும் பழக்கத்தைக் கொடுப்பதே அரிது.

மின்சார அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளுள் ஒன்று நம் எமரால்டிலேயே இருக்கிறது. அம்மின்சாரத்தால் நாமும் சமைக்கலாமே எனத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றரை கிலோவாட் அடுப்பை முழுச் சூட்டில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எரித்தால், இரண்டு மாதத்தில் 90 யூனிட் ஆகும். பருப்பையும் சோற்றையும் குக்கரில் அரைமணிக்குள் முடிப்பவருக்கு அது கட்டும். திறந்த பாத்திரத்தில் சமைப்பவருக்குக் கட்டாது.

ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை சொன்னவற்றைத் தாய்மார்கள் தலையசைத்துக் கேட்டீர்கள். ஆண்மக்கள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இனி உங்களிடம் பேசுகிறேன். 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்திற்று. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக அது கூறிற்று. ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அதுவும் கொழுந்துக் கூடை சுமந்து திரும்பிய பிறகு.

நானும் விலக்கல்லேன். என் மனைவியும் வேலைக்குச் செல்பவர். இருவரும் ஒரே வேளையில் வீடு திரும்புவோம். நான் செய்தித்தாளை எடுப்பேன், அவர் அரிவாள்மணையை எடுப்பார். ஒரு நாள் என் மகள், "அப்பா, உங்களுக்குப் பசிக்காதா?" என்று கேட்டாள். அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. அன்று முதல் பயறு ஊற வைப்பதும், இரவில் காய் நறுக்குவதும் என் வேலை. முதலில் கேரட்டோடு விரலையும் நறுக்கினேன், இப்போது பழகிவிட்டது. எங்கள் வீட்டில் மாலைச் சமையல் முக்கால் மணியில் முடிகிறது. எந்தக் கருவியும் அளிக்காத சிக்கனத்தை இரண்டு கைகள் அளிக்கின்றன.

ஊராட்சி செய்யத் தக்கவை

ஊர்ப் பொறுப்பில் இருப்போருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, எக்கூட்டத்தையும் மாலை 5 மணிக்கு வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையையும், குழாய், விளக்கு, பாதை பற்றிய பேச்சுகளையும் பெண்கள் வந்து அமரக்கூடிய பகல் வேளையில் வையுங்கள். நம் மாநில உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்க 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. இடத்தை மட்டும் ஒதுக்கி நேரத்தை ஒதுக்காவிட்டால் அச்சட்டத்தால் விளையும் பயன் என்ன? இரண்டாவது, குழாயை வீடுகளுக்கு அருகே அமையுங்கள். தண்ணீருக்கு நடக்கும் ஒவ்வோர் அடியும் சமையல் நேரத்தில் சேர்ந்ததே. மூன்றாவது, மழைக்கு முன்பாகப் பொதுக் கொட்டகை ஒன்றில் உலர்ந்த விறகைச் சேமிக்கும் பொறுப்பை மகளிர் குழுவினரோடு சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! மிச்சமாகும் நேரத்தை மற்றொரு வேலையால் நிரப்பிவிடாதீர்கள். சற்று ஓய்வு கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்து இறுதிவரை அமர்ந்திருங்கள். உங்கள் ஊரின் குழாய் எங்கே அமைய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மணி மூன்றாகிறது. வீட்டில் பயறு ஊறிக்கொண்டிருக்கும் என நம்பி, விடைபெறுகிறேன். வணக்கம்.