மே மாத லீவுப் பட்டியல்



தமிழ்நாட்டில் பள்ளித் தேர்வுகள் ஏப்ரலில் முடிகின்றன. ஜூனில் மறுபடி மணி அடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளோடு ஊருக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்கள்தான். கோயில் கொடை, வைகாசி முகூர்த்தம், பாட்டி வீடு எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஏழு பேர் ஒரே வாரத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் மேனேஜர் என்ன செய்வார்? யாராவது நான்கு பேரைப் பகைத்துக்கொள்வார்.

இந்தச் சிக்கல் மே மாதத்தில்தான் வெடிக்கிறது என்றாலும், முடிச்சு விழுவது மார்ச்சில். ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் தொடங்கும். 2024 நவம்பர் முதல் அது 60 நாள். மே 10ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் வேண்டும் என்றால் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே காலை எட்டு மணிக்குக் கைப்பேசியோடு உட்கார வேண்டும். அப்படி டிக்கெட் எடுத்துவிட்டு ஏப்ரல் கடைசியில் மேனேஜர் முன்னால் வந்து நிற்பவர் லீவு கேட்க வரவில்லை. போகப்போவதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். அவரிடம் முடியாது என்றால், டிக்கெட்டோடு சேர்த்து மொத்தக் குடும்பத்தின் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கோடை லீவுப் பட்டியல் பிப்ரவரி முடிவதற்குள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டியல் போடுகிறவர்கள் பொதுவாக எத்தனை பேரை அனுப்பலாம் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். யார் இருந்தே ஆக வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு சாய ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளச் சான்றிதழ் பெற்றவர்கள் இரண்டே பேர் என்றால், அந்த இருவரும் ஒரே வாரத்தில் போக முடியாது. மற்றவர்கள் ஐந்து பேர் சேர்ந்து போனாலும் சமாளித்துவிடலாம்.

சரி, யாருக்கு முதல் வாய்ப்பு? முதலில் கேட்டவருக்கு என்றால் சாமர்த்தியசாலிகளே ஒவ்வோர் ஆண்டும் ஜெயிப்பார்கள். சீனியாரிட்டி என்றால் புதிதாய்ச் சேர்ந்தவர் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு முதலில் தேர்ந்தெடுத்தவர் இந்த ஆண்டு கடைசியில் தேர்ந்தெடுக்கட்டும் என்ற சுழற்சி முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இன்னொன்றும் உண்டு. "உனக்கென்னப்பா, பிள்ளையா குட்டியா, நீ இருந்து பார்த்துக்கோ" என்று கல்யாணமாகாதவரிடம் சொல்கிற வழக்கம். அவருக்கும் ஊரில் அம்மா இருக்கிறார். தொடர்ந்து மூன்று மே மாதம் அவரையே நிறுத்தி வைத்தால், நான்காவது மே மாதம் அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

திருப்பூர் போன்ற ஊர்களில் இதற்கு ஒரு நல்ல வழியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களில் பலருக்கு முக்கியமான நாள் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை. மே மாதம் உள்ளூர்க்காரர்கள் போகட்டும். தீபாவளிக்குப் பிறகு இவர்கள் போகட்டும். ரயிலில் போகவும் வரவுமே நான்கு நாள் ஓடிவிடும் என்பதால், துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்தாற்போல் கொடுத்தால்தான் அவர்களுக்கு அது லீவு.

லீவு என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அது வகுத்தது. பின்னர் 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த 240ஐ 180 ஆகக் குறைத்தது. பழைய சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. எடுக்காத விடுப்பை 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டு, முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த வரம்பே கிடையாது என்றது. வாய்மொழியாகக் கேட்காமல் 15 நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி தொழிலாளியைக் காப்பாற்றுவது இங்கேதான். வேலை நிற்காமல் நடக்க, தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி ஒரு விடுப்புத் திட்டம் வகுத்துக்கொள்ளவும் அதே சட்டம் நிர்வாகத்துக்கு வழிவிட்டது. நாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லும் பட்டியல் ஒன்றும் புதுமை இல்லை.

கேட்ட லீவு கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரியாக அந்த வாரத்திலேயே காய்ச்சல் வரும். ஏற்கெனவே காலமான பாட்டி இன்னொரு முறை காலமாவார். இதை ஒழுக்கக்கேடு என்று திட்டுவதில் பயனில்லை. நேர்வழியில் கிடைக்காததை ஆட்கள் சுற்றுவழியில் எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற அந்தக் காய்ச்சல், சொல்லிவிட்டுப் போகும் லீவை விட நிர்வாகத்துக்கு அதிக நஷ்டம்.

லீவு கொடுத்த பிறகு வருகிறது அடுத்த தொல்லை: போன். குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போனவரைப் பதினோரு மணிக்கு ஒருவர், நாலு மணிக்கு ஒருவர் என்று அழைத்துக்கொண்டே இருந்தால் அது வீட்டிலிருந்து பார்க்கும் வேலைதான். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மே மாதம் விடுமுறை. ஆனால் எந்தெந்த நீதிபதிகள் விடுமுறைக்கால வழக்குகளை விசாரிப்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அவசர வழக்குகளை அவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். மற்றவை ஜூன் வரை காத்திருக்கும். அலுவலகத்திலும் இப்படி ஒரு பெயரை எழுதி வைக்கலாம். எது அவசரம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். ஆலையில் விபத்து என்றால் லீவில் இருப்பவரைக் கூப்பிடலாம். பீரோ சாவி எங்கே என்று கேட்கக் கூப்பிடக் கூடாது. அதை அவர் கிளம்புகிற அன்று மாலையே வாங்கி வைத்திருக்க வேண்டும்.