கணக்கெடுப்பில் இடம்பெறாத தொலைவு

நகரமைப்பியலிலும் சமூக அறிவியலிலும் இன்று பட்டம் பெறும் இளைஞர்களில் பலர், இன்னும் சில ஆண்டுகளில் அரசுத் துறைகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பொறுப்பேற்று, ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்று நீடிக்கலாமா, அகற்றப்பட வேண்டுமா என்று பரிந்துரைக்கும் அறிக்கைகளை எழுதப்போகிறவர்கள். அதனால் நகர வறுமை இந்நாட்டில் எவ்வாறு அளக்கப்படுகிறது என்ற கேள்வி இந்த அவைக்கு உரியதாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்பு இல்லாத ஓர் ஊரை அக்கணக்கெடுப்பு நகரமாகக் கொள்ள வேண்டுமெனில், அங்கு குறைந்தது 5,000 பேரும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேரும் வாழ வேண்டும்; முதன்மைத் தொழிலாளரான ஆண்களில் முக்கால் பங்கினராவது வேளாண்மை சாராத தொழில் செய்ய வேண்டும். பெண்களின் உழைப்பு இவ்வரையறையில் கணக்கிலேயே வராதது தனியே ஆராயத்தக்கது.

நகர ஏழைகளின் குடியிருப்புக்கெனச் சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. தொடக்கத்தில் வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. 1977இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டுச் சாலையும் குடிநீரும் வடிகாலும் தரப்பட்டன. வீட்டைக் குடும்பமே கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டது. வந்த திட்டங்களில் அறிவார்ந்தது இதுவே எனலாம். பின்னர் நகருக்குள் நிலவிலை ஏறியதும், 2000ஐ ஒட்டிப் புறநகரிலுள்ள கண்ணகி நகரிலும் அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குடியமர்த்தப்பட்டன.

இத்தகைய இடமாற்றத்தின் விளைவைக் காட்டும் சான்று அகமதாபாத்திலிருந்து கிடைக்கிறது. அங்கு 1987இல் ஏழைப் பெண் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் புறநகர் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீடு கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்ட பார்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே ஆகியோரின் ஆய்வு 2017இல் வெளியானது. வீடு கிடைத்தோரில் 34 விழுக்காட்டினர் குடியேறவே இல்லை. 32 விழுக்காட்டினர் குடியேறிய பின் வெளியேறிவிட்டனர். வீட்டின் தரம் உயர்ந்திருந்தும் வருமானம் உயரவில்லை. உற்றார் உறவினரின் தொடர்பும் ஆபத்துக்குக் கைகொடுக்கும் உதவியும் குறைந்திருந்தன.

சென்னை மயிலாப்பூரில் காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டிலும், எட்டு மணிக்கு அடுத்த தெருவிலும், மாலையில் மீண்டும் முதல் வீட்டிலும் பாத்திரம் துலக்கும் பெண் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டால், நடுப்பகலில் வீடு வந்து திரும்புவது இயலாமற்போய், ஏதேனும் ஒரு வேளை வேலை கைவிட்டுப் போகிறது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருப்பது செலவைக் குறைத்திருக்கிறதே தவிர நேரத்தைக் குறைக்கவில்லை. பள்ளி விட்டுவரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவும், மாதக் கடைசியில் கணக்கில் அரிசி தரும் மளிகைக் கடைக்காரரும் பழைய இடத்தோடு நின்றுவிடுகின்றனர்.

குடியிருப்பு அகற்றப்படுமுன் நிரப்பப்படும் படிவம் கூரையின் வகையையும் குடும்ப அட்டையையும் பதிவுசெய்கிறது. இந்த வேலை நேரத்தையோ அண்டை அயலாரின் உதவியையோ அது கேட்பதில்லை. வாழ்வாதார உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், உரிய முன்னறிவிப்புடன் நடைபாதைவாசிகளை அகற்றும் மாநகராட்சியின் அதிகாரத்தை ஏற்கவே செய்தது. அகற்றப்படும் குடும்பம் இழக்கும் வாழ்வாதாரம் எவ்வளவு என்று அளந்து சொல்லும் பணி, ஆக, ஆய்வாளரிடமே வந்து சேர்கிறது.

ஆற்றோரத்தில் வாழ்வோரை வெள்ளத்திலிருந்து காக்கவே இடமாற்றம் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. 2015 டிசம்பர் வெள்ளம் அதற்குச் சான்று. ஆயினும் அவர்கள் அனுப்பப்பட்ட செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலங்கள் என்பதால், மழைக்காலத்தில் அங்கும் தெருக்களில் நீர் தேங்குகிறது. ஆற்றங்கரையின் வெள்ள அபாயத்தைக் குறிக்கும் வரைபடத்தோடு, மாற்றிடத்தின் வரைபடத்தையும் அதே பக்கத்தில் இணைக்காத அறிக்கையில் இன்று பட்டம் பெறும் இளைஞர்களுள் எவரும் கையொப்பமிடக் கூடாது.