வழிச்செலவும் கல்விச் செலவே
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கண் டொக்டர்தானே, கண்ணைப் பற்றியே பேசுங்கோ” என்று சங்கத்தில் சொன்னார்கள். கண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் கண்ணை ஆராயும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்பதில் வந்து முடிப்பேன்.

எங்கள் வகுப்பினர் தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். அந்த விளக்கடியில் இருந்து எழும்பி முற்றத்துக்கு வந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. சற்று நேரம் நின்றால் வேலி தெரியும், கிணற்றடி தெரியும், தென்னை தெரியும். இருட்டில் எங்களுக்கு வழி காட்டியவை விழித்திரையில் உள்ள கோல் கலங்கள். ஒரு கண்ணில் அவை ஏறத்தாழ 10 கோடி இருக்கின்றன. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புக் கலங்கள் 60 இலட்சம் அளவில்தான். ஒளியின் மிகச் சிறிய ஒரு துகளைக்கூட ஒரு கோல் கலம் உணரும். ஒளியை வாங்கும் அதன் தட்டுகள் ஏறத்தாழ 10 நாட்களில் முழுவதும் தேய்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. தட்டுகள் புதிதாகின்றனவே தவிர, கலம் செத்தால் அதற்குப் பதிலாக இன்னொன்று முளைப்பதில்லை.

இந்தக் கலங்கள் மெல்ல மெல்ல இறக்கும் பரம்பரை நோயை ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்கிறோம். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. முதலில் இரவுப் பார்வை போகும். “மாலைக்கண், விற்றமின் குறைவாக்கும்” என்று வீட்டில் நினைப்பார்கள். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். என் கிளினிக்குக்கு இப்படி ஒரு பிள்ளை வந்தால் நான் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, “அம்மாவும் அப்பாவும் சொந்தமா?” என்பது. பல வேளைகளில் “ஓம், மச்சான் மச்சாள்” என்றே பதில் வருகிறது.

கண் தானத்தில் இலங்கைக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய சங்கம் எத்தனையோ நாடுகளுக்கு விழிவெண்படலத்தை அனுப்பியிருக்கிறது. ஆனால் விழித்திரையை அப்படி எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியாது. அதற்கு ஆய்வு ஒன்றே வழி. ஆர்பிஈ 65 என்ற மரபணுவில் உள்ள பிழை பிள்ளைகளின் பார்வையைப் பறிக்கிறது என்று 1997 இல் தெரியவந்தது. 2001 இல் அதே குறையோடு பிறந்த நாய்களுக்குப் பார்வை கிடைத்தது. 2008 இல் மனிதரில் செய்த முதற் பரிசோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. 2017 டிசெம்பரில் அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்பில் இருந்து மருந்து வரை இருபது வருடங்கள்.

ஆனால் அது அந்த ஒரு மரபணுவுக்கு மட்டுமே உரிய மருந்து. பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 250 இற்கும் மேல். எங்கள் குடும்பங்களில் எந்த மரபணுவில் பிழை இருக்கிறது என்பதை யாராவது கண்டுபிடித்து, மருந்து தேடுபவர்கள் கூடும் இடத்தில் போய்ச் சொல்லவேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் அவர்களின் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அப்படிக் கூடும் இடங்களில் ஒன்று, 1984 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச விழித்திரைச் சிதைவு மகாநாடு. 2016 இல் கியோட்டோவிலும் 2018 இல் அயர்லாந்தின் கில்லார்னியிலும் நடந்தது. இளம் ஆய்வாளர்களுக்கென்றே அங்கு பயண உதவி வழங்குகிறார்கள். கோர்டன் ஆய்வு மகாநாடுகள் பலவற்றில், பெரியவர்கள் கூடுவதற்கு முன்பு மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் தாங்களே நடத்தும் கருத்தரங்கு உண்டு. பாடப்புத்தகத்தில் பெயர் பார்த்த பேராசிரியர் எங்கள் பிள்ளையின் போஸ்ரருக்கு முன்னால் நின்று, “இதை ஏன் இப்படிச் செய்தீர்?” என்று கேட்பார். அந்தப் பத்து நிமிடத்தில் அடுத்த இரண்டு வருட ஆய்வுக்கு வழி பிறக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். ஒளி பட்டதும் பார்வை நிறமியில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்பதைத் தெளிவாக்கியவர்களில் ஒருவர் ரூத் ஹப்பாட். அவரோடு வேலைசெய்த ஜோர்ஜ் வால்டுக்கு 1967 இல் நோபல் பரிசு கிடைத்தது. ரூத் ஹப்பாட்டுக்கு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி கிடைத்தது 1974 இல்தான். அங்கே உயிரியலில் அப்பதவி பெற்ற முதற் பெண் அவர். திறமை இருந்தால் மட்டும் போதாது. அதைக் காட்ட ஒரு மேடையும் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலைசெய்த ஒரு பிள்ளையின் ஆய்வுச் சுருக்கத்தை ஐரோப்பாவில் நடந்த ஒரு மகாநாடு ஏற்றுக்கொண்டது. பயண உதவியும் கிடைத்தது. அன்று ஆய்வுகூடம் முழுக்க லட்டுக் கொடுத்தாள். கடிதத்தின் கடைசி வரியைப் பிறகுதான் கவனித்தோம்: பற்றுச்சீட்டுகளை அனுப்பினால் பயணம் முடிந்தபின் பணம் தரப்படும். விமான ரிக்கெற்றை அவளே முதலில் வாங்கவேண்டும், ஹோட்டலுக்கும் அவளே கட்டவேண்டும். தகப்பன் இல்லாத வீடு. கடனட்டை வைத்திருக்கும் வீடும் அல்ல. எனக்குத் தெரியவரும் முன்பே, வர இயலவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். அவள் இப்போது ஒரு வங்கியில் வேலைசெய்கிறாள். நல்ல வேலைதான். ஆனால் அவள் பாதியில் விட்ட கேள்வியை இன்றுவரை வேறு யாரும் எடுக்கவில்லை.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது நன்கொடை நிதி அல்ல, ஒரு முன்பண நிதி. மகாநாட்டில் இடம் கிடைத்த எங்கள் பிள்ளைக்கு ரிக்கெற் காசை முதலில் நாங்கள் கொடுப்போம். அவளுக்கு உதவிப்பணம் வந்ததும் திருப்பிக் கட்டுவாள். அதே காசு அடுத்த பிள்ளைக்குப் போகும். வீசா மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணத்தை மட்டும் சங்கம் ஏற்கட்டும். அந்தப் பயத்திலேயே விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

ரொறன்ரோ, லண்டன், சிட்னி அக்காமாரிடம் காசைவிட வேறொன்று கேட்கிறேன். பிள்ளை உங்கள் நகரத்துக்கு வந்தால் ஒரு அறையும் இரவுச் சாப்பாடும் கொடுங்கள். போகுமுன் அவள் ஆங்கிலத்தில் பேசிப் பழக, வாரத்தில் அரை மணித்தியாலம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருங்கள். திரும்பி வந்தவளுக்கும் ஒரு கடமை வைப்போம்: உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன் நின்று, தான் கண்டதையும் தன்னிடம் கேட்கப்பட்டதையும் தமிழில் சொல்லவேண்டும்.

நூறு வருடங்களுக்கு முன்பு, பெண் பிள்ளையைப் படலை தாண்டிப் படிக்க அனுப்பலாமா என்று தயங்கிய வீடுகள் இருந்தன. அனுப்பத் துணிந்தவர்களால்தான் நாங்கள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். இந்த நிதியின் முதல் ஒரு இலட்சம் ரூபாவை இன்றே பொருளாளரிடம் கொடுக்கிறேன். அடுத்த விண்ணப்பம் வரும்போது பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது.