கலியாணம் ஊருக்குத் தெரியும், கந்தோருக்குத் தெரியுமா?

(மாத்தளை மாவட்டத் தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன தவணை வகுப்பில் "என் குடும்பம்" பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதினாள்: "அம்மா குவைத். அப்பா கொழும்பு. நானும் தம்பியும் அம்மாயியோடு லயத்தில்." நம் குடும்பம் எப்படி மாறியிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம்மவர்களுக்குக் கலியாணத்தின் சாட்சி கோயிலும் லயத்துச் சனமும்தான். 1964 ஒப்பந்தத்தால் பெருந்தொகைச் சனம் இந்தியா போனது. இப்போது மிச்சமிருப்பவர்களும் வேலை தேடி வெளியே போகிறார்கள். சாட்சி சொல்ல ஆளில்லை.

என் அத்தை கதையைச் சொல்கிறேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். மாமா இறந்ததும் சேமலாப நிதிப் பணம் கேட்டுப் போனார். "விவாகப் பதிவு எங்கே?" என்றார்கள். தாலி இருந்தது, பத்திரம் இல்லை. அதை நிரூபிக்க இரண்டு வருடம் அலைந்தார்.

நம் சட்டம் எது? தேசவழமை வடக்குத் தமிழருக்கு, கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. நமக்குப் பொதுச் சட்டம். பதிவு இல்லை என்பதால் மட்டும் கலியாணம் செல்லாமல் போகாது. ஆனால் நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும். பதிவு இருந்தால், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தாலும் அவர் சொத்தில் பாதி துணைக்கும் மீதி பிள்ளைகளுக்கும் என்று 1876ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

குடும்பம் மாறியபோது சட்டமும் மெதுவாக மாறியது. ஒரு காலத்தில் பெண்ணின் திருமண வயது 12. 1995இல் ஆண், பெண் இருவருக்கும் 18 ஆனது. 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, வசதி இருந்தும் கவனிக்காத கணவன் மீதோ மனைவி மீதோ நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. 2000ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தில், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். 2003 வரை பிரஜாவுரிமை தகப்பன் வழியாகத்தான் வந்தது. அதன்பிறகு தாய் வழியாகவும் வருகிறது. 2005இல் வீட்டு வன்முறைக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் சட்டம் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கோயில் வாசலில் பெரியவர்கள் கூடி "பிரிந்து போங்கள்" என்றால் அது விவாகரத்து ஆகாது. நீதிமன்றம் தீர்க்காமல் செய்யும் இரண்டாம் கலியாணம் செல்லாது. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை கிடைக்காது.

அதனால் கேட்கிறேன். பதியாத தம்பதிகள் பதிவாளரிடம் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர்கள் சரியா என்று பாருங்கள். சேமலாப நிதியில் யார் பெயரைக் கொடுத்தீர்கள் என்று விசாரியுங்கள். சிலர் கலியாணத்துக்கு முன் கொடுத்த பெயரை மாற்றாமலே இருக்கிறார்கள். வெளிநாடு போகும் தாய் பத்திரங்களின் பிரதிகளை அம்மாயி கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எழுதப் படிக்க உதவி வேண்டுமென்றால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். பள்ளி விட்டதும் நான் வந்து படிவம் நிரப்பித் தருகிறேன்.

சம்பளத்துக்காகச் சேர்ந்து நிற்கிறோம். அந்தச் சம்பளத்தில் சேர்ந்த பணம் நம் பிள்ளைகளுக்கே போய்ச் சேரவும் சேர்ந்து நிற்போம்.